பதிவாகிறதா என்பது கைக்கும் காதுக்கும் தெரிய வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 58. ஈசூனில் வசிக்கிறேன். கிளாக்கோமாவால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டுமே இப்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடக்கும் திருமுறை வகுப்புக்குப் போகிறேன். ஓதுவார் பாடுவதைப் பதிவுசெய்து வீட்டில் கேட்டுப் பழக வேண்டும். என் மாமியாருக்கு 86 வயது. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தாலாட்டையும் தோட்டத்துக் கதைகளையும் பதிந்து வைக்க ஆசை. என் மகன் இணையத்தில் ஒரு ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தான். ஒன்றரை மணி நேர வகுப்பு முழுவதும் இயர்ஃபோனில் ஓதுவாரின் குரல் நன்றாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எதுவுமே பதிவாகவில்லை. எந்தக் கருவியை வாங்கினால் யாரையும் எதிர்பார்க்காமல் நானே பயன்படுத்தலாம்? கைப்பேசியே போதுமா? தமிழில் பேசும் ரெக்கார்டர் இருக்கிறதா? 250 வெள்ளிக்குள் முடியுமா? அரசாங்க உதவி ஏதும் கிடைக்குமா?
வாசகி, ஈசூன்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்திலேயே விடைக்கான நூல்முனை இருக்கிறது. இயர்ஃபோனில் குரல் கேட்டது, ஆனால் பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது கருவியின் கோளாறாகவோ உங்கள் கவனக்குறைவாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை. பல ரெக்கார்டர்களில் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்குவதில்லை. கருவி ‘ஆயத்த நிலை’க்குத்தான் போகிறது. அந்த நிலையில் மைக் திறந்திருக்கும், ஒலி இயர்ஃபோனுக்கு வரும், அளவுகோல் திரையில் ஆடும், பொத்தானைச் சுற்றியுள்ள விளக்கு விட்டுவிட்டு எரியும். மறுபடி ஒருமுறை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரிந்து பதிவு ஓடத் தொடங்கும். ஒலியின் அளவை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள விரும்பும் ஒலிப்பதிவாளர்களுக்காக வைக்கப்பட்ட வசதி இது. ஸூம் நிறுவனத்தின் பழைய எச்4என், டாஸ்காம் டிஆர்-05 போன்ற பேர்பெற்ற கருவிகளும் இப்படித்தான் இயங்குகின்றன. கண் தெரிந்தவருக்கு விட்டுவிட்டு எரிவதும் நிலையாக எரிவதும் வெவ்வேறு. இயர்ஃபோனில் கேட்பவருக்கோ இரண்டு நிலையும் ஒன்றுதான். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கருவி இன்னும் கைவசம் இருந்தால், பொத்தானை இருமுறை அழுத்தி, ஒரு நிமிடம் பேசி, நிறுத்தி, போட்டுக் கேட்டுப் பாருங்கள். பதிவாகியிருந்தால் புதிதாக ஒன்று வாங்கும்வரை அதையே வைத்துச் சமாளிக்கலாம்.

ஆகவே, புதிய கருவியைத் தேடும்போது ஒலித்தரம், சேமிப்பளவு, மைக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றிய விளம்பர வாசகங்களை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: இந்தக் கருவி இந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் திரையையும் விளக்கையும் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல், என் விரலாலும் காதாலும் மட்டும் நான் தெரிந்துகொள்ள முடியுமா? பதிவாகிறதா, நின்றிருக்கிறதா, பேட்டரி எவ்வளவு இருக்கிறது, நான் அழிக்கப்போவது எந்தக் கோப்பு என்பவற்றுக்கெல்லாம் கருவியே பதில் சொல்ல வேண்டும். சொல்லாத கருவி எவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்தாலும் உங்களுக்கு உதவாது. மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இயங்கும் கருவியை வாங்கி, பிறகு அலமாரியில் வைத்துவிட்டவர்களின் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன.

‘பேசும் வழிகாட்டி உண்டு’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதை அப்படியே நம்பிவிட முடியாது. சில கருவிகள் பொத்தானை அழுத்தும்போது ‘பீப்’ ஒலி தருவதையே வழிகாட்டி என்கின்றன. சில கருவிகள் மெனுவின் தலைப்புகளைப் படிக்கும். உள்ளே நுழைந்து ஒரு அமைப்பை மாற்றும்போது மௌனமாகிவிடும். சில எல்லாவற்றையும் படிக்கும், கோப்பின் பெயரை மட்டும் படிக்காது. அப்போது ஐம்பது பதிவுகளில் தாலாட்டு எது, தேவாரம் எது என்று ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது மூன்று இடங்களை: பதிவு தொடங்குவதும் நிற்பதும் வெவ்வேறு ஒலியாகவோ சொல்லாகவோ கேட்கிறதா, பேட்டரியின் அளவையும் மிச்சமுள்ள நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா, அழிக்கும் கட்டளைக்கு முன் ‘அழிக்கவா?’ என்று வாய்விட்டுக் கேட்கிறதா. மூன்றாவதை யாரும் கடையில் சோதிப்பதில்லை. ஆனால் உங்கள் மாமியாரின் குரல் உள்ள ஒரு பதிவு தவறுதலாக அழிந்துபோனால் அதைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

பேச்சு ஒருபுறம் இருக்க, உடலமைப்பும் அதே அளவுக்கு முக்கியம். தொடுதிரையை மட்டுமே நம்பியிருக்கும் ரெக்கார்டரைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கைப்பேசியின் தொடுதிரைக்கு, அதில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இருக்கிறது; ரெக்கார்டரின் தொடுதிரைக்குப் பெரும்பாலும் இல்லை. பொத்தான்கள் தனித்தனியாக எழும்பி நிற்க வேண்டும், பதிவுப் பொத்தான் அளவிலோ வடிவத்திலோ மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நல்லது தள்ளுவிசைதான்: மேலே தள்ளினால் பதிவு, கீழே இழுத்தால் நிறுத்தம் என்று இருந்தால், பையில் கையை விட்டு விசை இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தே கருவியின் நிலையைச் சொல்லிவிடலாம். மின்தூக்கியில் பொத்தானுக்குப் பக்கத்தில் புள்ளியெழுத்தைப் பொறித்து வைத்திருப்பதைப் போல, இந்தக் கருவிகளில் யாரும் வைப்பதில்லை. ஆகவே சமதளமான பொத்தான்கள் உள்ள கருவியை வாங்க நேர்ந்தால், ஒட்டிக்கொள்ளும் சிறு ரப்பர்ப் புள்ளி ஒன்றைப் பதிவுப் பொத்தானின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று போதும். ஆறேழு புள்ளிகளை ஒட்டினால் எது எதற்கென்று மறுபடியும் குழப்பம்தான்.

சார்ஜ் செய்யும் துளை யூஎஸ்பி-சி வகையாக இருப்பது சிறிய விஷயம் போலத் தெரியும். பழைய மைக்ரோ யூஎஸ்பி கம்பியை ஒரு பக்கமாக மட்டுமே செருக முடியும். தடுமாறிச் செருகிச் செருகியே துளை தளர்ந்துவிடும். யூஎஸ்பி-சியை எப்படிப் பிடித்தாலும் போகும். மெமரி கார்டு விரல் நகத்தைவிடச் சிறியது; அதை அடிக்கடி வெளியே எடுக்காமல், கருவியைக் கம்பி வழியாகக் கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் தேடி எடுப்பது யாருக்குமே சிரமம்.

இப்போது, அண்மை ஆண்டுகளில் பார்வையற்றோருக்கு உண்மையிலேயே நன்மை செய்த ஒரு மாற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவில் கண்ணை மிக அதிகமாக நம்பியிருந்த வேலை, ஒலியின் அளவைச் சரிசெய்வதுதான். அளவைக் கூட்டி வைத்தால் உச்சத்தில் குரல் உடைந்து கரகரக்கும். குறைத்து வைத்தால் மெல்லிய இடங்கள் இரைச்சலில் அமுங்கிவிடும். அதனால் பதிவாளர் திரையில் ஆடும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகுவார். உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓதுவார் ‘திருச்சிற்றம்பலம்’ என்று தாழ்ந்த குரலில் தொடங்குகிறார். பண் மேலேறும்போது குரல் உயர்கிறது. அடுத்த கணம் முப்பது பேர் சேர்ந்து அந்த வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். நடுவில் யாரோ சன்னதி மணியை அடிக்கிறார்கள். கண் தெரிந்தவருக்கே இதற்கு ஒரு அளவைத் தேர்ந்தெடுப்பது கடினம். இதற்குப் பதிலாகத் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைப் போட்டுவிடலாம். குறிப்பு எடுக்கும் மலிவான ரெக்கார்டர்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. ஆனால் அது பாடலுக்கு ஒவ்வாது. பாடுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளியில் கருவி தானாக அளவைக் கூட்ட, மேலே சுழலும் மின்விசிறியின் ஓசை புயல்போல எழும்பும். அவர் மறுபடி பாடத் தொடங்கியதும் சட்டென்று அமுங்கும். ஒவ்வொரு அடியின் இறுதியிலும் இப்படி ஏறி இறங்கினால், சுருதியைக் கவனித்துப் பழக நினைப்பவருக்குக் காது வலிக்கும்.

‘32-பிட் ஃப்ளோட்’ என்ற பதிவுமுறை இந்தத் தொல்லையை ஏறக்குறைய நீக்கிவிட்டது. குறுந்தட்டில் பயன்படும் 16-பிட் முறை ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சைப் பிடிக்கும், 24-பிட் முறை 144 டெசிபெல்லைப் பிடிக்கும்; 32-பிட் ஃப்ளோட் முறையில் எண்களைச் சேமிக்கும் விதமே வேறு என்பதால், அதன் வீச்சு நாம் கேட்கக்கூடிய எந்த ஒலியையும் விடப் பன்மடங்கு பெரியது. விளைவு என்னவென்றால், பதிவுசெய்யும்போது அளவைத் திருக வேண்டியதே இல்லை. மெல்லியதாக இருந்த பகுதியைப் பிறகு கணினியில் உயர்த்திக்கொள்ளலாம், உச்சத்தைத் தாண்டியதாகத் தோன்றும் பகுதியைக் கீழே கொண்டுவரலாம், குரல் உடைந்திருக்காது. அளவுகோலைப் பார்க்கவே வேண்டாம் என்றால் பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் இந்த ஒரு வேலையில் சமமாகிவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: இந்த முறை காப்பாற்றுவது பதிவைத்தான், மைக்கை அல்ல. மைக் தாங்கும் எல்லைக்கு மேல் ஒலி வந்தால் அங்கேயே உடைந்துவிடும். தவிலுக்குப் பக்கத்தில் கருவியைப் பிடித்தால் எந்த முறையும் கைகொடுக்காது. நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

இந்த முறையையும் பேசும் வழிகாட்டியையும் ஒரே கருவியில் சேர்த்து, கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது ஸூம் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எசென்ஷியல்’ வரிசை. எச்1எசென்ஷியல், எச்4எசென்ஷியல், எச்6எசென்ஷியல் என்று மூன்று. அமெரிக்காவில் இவை அறிமுகமான விலை முறையே ஏறத்தாழ 100, 200, 300 டாலர். மூன்றும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவுசெய்கின்றன, மூன்றிலும் மெனுவைப் படித்துச் சொல்லும் குரல் இருக்கிறது, மூன்றிலும் யூஎஸ்பி-சி. எச்1 கைக்கு அடக்கமானது, இரண்டு ஏஏஏ பேட்டரியில் இயங்கும். எச்4 சற்றுப் பருமன், இரண்டு ஏஏ பேட்டரி. மேடையில் உள்ள ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து கம்பி வழியாக ஒலியை வாங்கும் இணைப்புகள் அதில் உண்டு. எச்6 பல மைக்குகளை வைத்துக் குழுவாகப் பதிவுசெய்வோருக்கானது. உங்களுக்கு எச்1 போதும் என்பது என் கருத்து. கோயிலில் ஓதுவாரின் மைக்கிலிருந்து நேரடியாக ஒலியை எடுக்க நிர்வாகத்தினர் இசைந்தால் மட்டும் எச்4ஐப் பற்றி யோசியுங்கள். எச்1இன் விலை 250 வெள்ளிக்குள் முடிந்துவிடும். மிச்சத்தில் ஒரு மெமரி கார்டும், மேசையில் நிறுத்திவைக்கும் சிறு முக்காலியும், மறுசார்ஜ் செய்யக்கூடிய பேட்டரிகளும் வாங்கிக்கொள்ளலாம். முக்காலியை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். கருவியைக் கையில் பிடித்தபடி பதிவுசெய்தால் விரல் அசைவதெல்லாம் சரசரவென்று பதிவாகும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவியின் வழிகாட்டிக் குரல் தமிழில் பேசாது. கோப்புகள் பெரியவை: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 கிகாபைட். 32 கிகாபைட் கார்டில் 23 மணி நேரம் பதியலாம் என்பதால் இடம் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புவது சிரமம், சில பழைய கருவிகளில் போட்டுக் கேட்கவும் முடியாது. கணினியில் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் திறந்து, அளவைச் சமப்படுத்தி, எம்பி3 கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். 128 கிலோபிட் எம்பி3யாக மாற்றினால் ஒரு மணி நேரம் 60 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆடாசிட்டியை ‘என்விடிஏ’ திரைவாசிப்பானுடன் விசைப்பலகையாலேயே இயக்கலாம்; அதுவும் இலவசம். இந்தக் கடைசிப் படி உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மகனிடம் விட்டுவிடலாம். பதிவுசெய்வது உங்கள் கையில் இருந்தால் போதும். மாற்றுவதை அவர் ஓய்வு நேரத்தில் செய்யட்டும்.

ஒலிம்பஸ் நிறுவனத்தின் டிஎம் வரிசை, குறிப்பாக டிஎம்-720, டிஎம்-770 ஆகியவை, பேசும் வழிகாட்டிக்காகப் பார்வையற்றோரிடையே நல்ல பெயர் எடுத்தவை. யாராவது பழைய கருவியாகக் குறைந்த விலைக்குத் தந்தால், பேச்சைப் பதிவுசெய்ய அவை இன்றும் பயன்படும். பாட்டுக்கு நான் அவற்றை முதலில் சொல்லமாட்டேன்.

வேறொரு வகைக் கருவியும் உண்டு. பார்வையற்றோருக்கென்றே உருவாக்கப்பட்ட பேசும் நூல் வாசிப்பான்கள் அவை. ஹியூமன்வேர் நிறுவனத்தின் ‘விக்டர் ரீடர் ஸ்ட்ரீம்’ அவற்றில் நன்கு அறியப்பட்டது. பழைய கைப்பேசியைப் போல எண் பொத்தான்கள், பக்கவாட்டில் தனியாகப் பதிவுப் பொத்தான், எதை அழுத்தினாலும் பேச்சு, கோப்பின் பெயரையும் படிக்கும் வசதி என்று, விரலும் காதும் மட்டுமே கொண்டு இயக்குவதில் இதற்கு நிகராக ரெக்கார்டர் எதையும் சொல்ல முடியாது. டெய்சி முறையில் தயாரிக்கப்பட்ட பேசும் புத்தகங்களையும் இதில் கேட்கலாம். ஆனால் இது முதலில் வாசிப்பான், பிறகுதான் ரெக்கார்டர். உள்ளே இருக்கும் மைக் மருத்துவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளவும் கடைச் சாமான் பட்டியலைப் பேசி வைக்கவும் ஏற்றது. ஓதுவாரின் பண்ணைப் பிடிப்பதற்கு அல்ல. விலையும் நீங்கள் சொன்ன தொகையைத் தாண்டும். புத்தகம் கேட்பதில் உங்களுக்கு நாட்டம் இருந்தால் மட்டும் இதைப் பாருங்கள்.

கைப்பேசியே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னக் குறிப்புகளுக்குத் தாராளமாகப் போதும், அதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டாம். ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் இயங்கும்போது ‘வாய்ஸ் மெமோஸ்’ செயலியைத் திறந்து, திரையில் எங்கு வேண்டுமானாலும் இரண்டு விரலால் இருமுறை தட்டினால் பதிவு தொடங்கும். மறுபடி தட்டினால் நிற்கும். பொத்தானைத் தேடவே வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதன் திரைவாசிப்பானான டாக்பேக்கின் உதவியுடன் பதிவுசெய்யலாம். நீங்கள் கேட்ட தமிழ்க் குரலும் இங்கேதான் கிடைக்கிறது. இரண்டு வகைக் கைப்பேசிகளிலும் தமிழ் பேசும் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். பதிவுக்குத் தமிழிலேயே ‘அம்மா தாலாட்டு’ என்று பெயர் வைத்தால் அதைத் தமிழிலேயே படித்துச் சொல்லும். தனி ரெக்கார்டர் எதிலும் நான் இதுவரை தமிழ் வழிகாட்டியைக் கேட்டதில்லை.

ஆனால் நீண்ட பதிவுக்குக் கைப்பேசியை நான் பரிந்துரைப்பதில்லை. அழைப்பு வந்தால் பதிவு தடைபடலாம். ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் திரைவாசிப்பான் வாய் திறந்தால் அந்தக் குரலும் தேவாரத்துக்கு நடுவில் பதிந்துவிடும். கைப்பேசியைத்தான் பயன்படுத்துவது என்று முடிவுசெய்தால், பதிவுக்கு முன் விமானப் பயண நிலையில் போட்டுவிட்டு, இயர்ஃபோனையும் செருகிக்கொள்ளுங்கள். திரைவாசிப்பானின் குரல் உங்கள் காதுக்கு மட்டும் போகும். அதைவிட, வகுப்பு நடக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு உங்கள் கைப்பேசி உங்களுக்கு வேறு காரியங்களுக்குத் தேவைப்படும். வீட்டிலிருந்து அழைத்தால் எடுக்க வேண்டும், பேருந்து எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். பார்வையுள்ளவரைவிட உங்களுக்கு அது அதிகமாகத் தேவை.

எதை வாங்குவதாக இருந்தாலும் இணையத்தில் வாங்க வேண்டாம். சிம் லிம் ஸ்குவேர் போன்ற மின்பொருள் கடைத்தொகுதிக்கோ இசைக்கருவிக் கடைக்கோ நேரில் போங்கள். கூட்டம் இல்லாத வார நாளின் முற்பகலாக இருந்தால் கடைக்காரர் பொறுமையாக நிற்பார். பேட்டரி போட்ட ஒரு கருவியைக் கையில் வாங்கி, பேசும் வழிகாட்டியை மட்டும் அவரை இயக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் சும்மா இருக்கட்டும். நீங்களே கருவியை அணைத்து, மறுபடி இயக்கி, பதிவைத் தொடங்கி, உங்கள் பெயரைச் சொல்லி, நிறுத்தி, அதைப் போட்டுக் கேட்டு, அழித்து, பேட்டரி எவ்வளவு என்று கேட்டறியுங்கள். எந்த இடத்தில் ‘இப்போது என்ன ஆயிற்று?’ என்று நீங்கள் கடைக்காரரைக் கேட்க நேர்கிறதோ, அந்த இடம்தான் பிறகு கோயிலில் உங்களைக் கைவிடப்போகிற இடம். ஒருமுறை கேட்டால் பழக்கமின்மை என்று விடலாம். ஒரே இடத்தில் மூன்றாவது முறையும் கேட்க நேர்ந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிவு ஓடும்போது வழிகாட்டிக் குரல் பேசினால் அது பதிவுக்குள் நுழைகிறதா என்பதையும் அந்தச் சிறு பதிவைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

வாங்கிய அன்று தேதியையும் நேரத்தையும் சரியாக அமைப்பதற்கு மட்டும் பார்வையுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் எல்லாப் பதிவும் ஒரே பொய்த் தேதியில் வந்து சேரும். அதன்பின், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், பாடல் அல்லது பேசுபவரின் பெயர் ஆகியவற்றை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வானொலிக்காரர்களும் வாய்மொழி வரலாறு பதிவுசெய்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979ஆம் ஆண்டிலிருந்து இப்படிப் பல தலைமுறைகளின் குரலைச் சேர்த்து வைத்திருக்கிறது. பெயர் தொலைந்தாலும், கோப்பு வேறு இடத்துக்கு மாறினாலும், முதல் பத்து நொடியைக் கேட்டால் அது எது என்று தெரிந்துவிடும்.

மாமியாரைப் பதிவுசெய்யும்போது ஒரே அமர்வில் எல்லாவற்றையும் வாங்கிவிட முயலாதீர்கள். இருபது நிமிடம் போதும். வீவக வீட்டின் வரவேற்பறையைவிடத் துணிமணியும் மெத்தையும் உள்ள படுக்கையறையில் எதிரொலி குறைவு. அவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின் மேல் முக்காலியை வையுங்கள். பதிவுசெய்யப்போவதை அவரிடம் சொல்லி இசைவு பெறுங்கள், ஓதுவாரிடமும் அப்படியே. தேவாரத்தைப் பதிய எவரும் மறுக்கமாட்டார் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. சிலர் பழகுவதற்கு மட்டும் அனுமதித்து, பிறருக்கு அனுப்ப வேண்டாம் என்பார்கள்.

கடைசியாகப் பணம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு ‘உதவித் தொழில்நுட்ப நிதி’யை நடத்துகிறது. தகுதி பெறுவோருக்குக் கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. குடும்ப வருமானம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். கருவி உங்களுக்குத் தேவைதானா என்று தகுதிபெற்றவர் ஒருவர் மதிப்பிட வேண்டும். கல்வி, வேலை, அன்றாட வாழ்வில் தற்சார்பு போன்றவற்றுக்காகத் தரப்படும் நிதி அது. உண்மையைச் சொன்னால், பாட்டுப் பதிவுக்கென்று 150 வெள்ளிக் கருவிக்காக அந்த வழியில் போவதைவிடக் கையிலிருந்து வாங்கிவிடுவதே விரைவு. ஆனால் நூல் வாசிப்பான், திரைவாசிப்பானுள்ள கணினி போன்ற பெரிய செலவுகள் வரப்போகின்றன என்றால் இப்போதே மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்; ஒப்புதல் வருவதற்கு முன் அவற்றை வாங்கிவிடாதீர்கள். லெங்கோக் பாருவிலுள்ள எனேபலிங் வில்லேஜில் உதவித் தொழில்நுட்பக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். தோ பாயோ ரைஸில் இருக்கும் சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கத்தையும் கேளுங்கள். 1951ஆம் ஆண்டு தொடங்கிய சங்கம் அது. பதிவுக் கருவிக்கு மட்டுமல்லாமல், பார்வை போன பிறகு வீட்டிலும் வெளியிலும் நடமாடப் பழகுவதற்கும் அங்கே பயிற்சி உண்டு. நீங்கள் இதுவரை அங்கே பதிந்துகொள்ளவில்லை என்றால், ரெக்கார்டர் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். போகும்போது உங்கள் கண் மருத்துவரின் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.